இருசக்கர வாகனத் தலைக்கவசம்: மோதலைத் தாங்கும் பொருள்களின் வரலாறு

இருசக்கர வாகனத் தலைக்கவசம் என்பது விபத்தின்போது ஓட்டுபவர், பின்னிருப்பவர் ஆகியோரின் தலையில் விழும் அடியைத் தாங்கி, மூளைக்குச் செல்லும் அதிர்ச்சியைக் குறைக்கும் பாதுகாப்புச் சாதனம் ஆகும். பேச்சுவழக்கில் இது ஹெல்மெட் எனப்படுகிறது. இதன் வெளி ஓடு கடினமானது. கண்ணுக்குத் தெரிவதும் அதுவே. ஆயினும் உயிரைக் காக்கும் வேலையில் பெரும்பங்கு, ஓட்டின் உள்ளே இருந்து மோதலின்போது நசுங்கிப்போகும் அடுக்கினுடையது. கடினமான தொப்பியே தலையைக் காக்கும் என்ற எண்ணத்திலிருந்து, தலைக்காகத் தான் நசுங்கிக்கொள்ளும் பொருளே காக்கும் என்ற அறிவை மருத்துவர்களும் பொறியியலாளர்களும் எட்டுவதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் தேவைப்பட்டன. சட்டங்களும் மக்கள் வழக்கமும் அந்த அறிவைப் பின்தொடர்வதற்கு அதைவிடக் கூடுதல் காலம் ஆனது. மதுரையில் 2015ஆம் ஆண்டு நடந்த தலைக்கவசப் பிணக்கு இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

மோதலைத் தாங்கும் முறை

வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைச் சற்றே பின்னுக்கு இழுத்துப் பிடிப்பதைக் காணலாம். பந்து நிற்பதற்கு ஆகும் தூரமும் நேரமும் கூடுவதால் கையில் விழும் விசை குறைகிறது. தலைக்கவசத்தின் உள் அடுக்கு செய்வதும் இதே வேலைதான்.

வண்டியில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்திலிருந்து தடையின்றி விழும் தலை, தரையைத் தொடும்போது நொடிக்கு 5.4 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தை அடைந்திருக்கும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இந்த வேகம் மாறுவதில்லை. விழுந்த உயரத்தை, நிற்பதற்கு ஆன தூரத்தால் வகுத்தால், தலை புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சராசரியாக எத்தனை மடங்கு வேகக்குறைப்புக்கு உள்ளாகிறது என்பது கிடைக்கும். வெறுந்தலை தார்ச்சாலையில் மோதி 2 மி.மீ. தூரத்தில் நின்றுவிடுவதாகக் கொண்டால், 1500ஐ 2 ஆல் வகுக்க 750 மடங்கு வருகிறது. அதே தலை, 25 மி.மீ. நசுங்கக்கூடிய அடுக்கின் துணையோடு நின்றால் 1500ஐ 25 ஆல் வகுக்க 60 மடங்கு மட்டுமே. இவை சராசரி மதிப்புகள். உச்ச மதிப்பு இவற்றைவிடக் கூடுதலாக இருக்கும். ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடே பிழைப்பதற்கும் இறப்பதற்கும் உள்ள வேறுபாடாக அமைகிறது.

வெளி ஓட்டுக்கும் தனி வேலைகள் உண்டு. ஓரிடத்தில் விழும் அடியை அது பரவலாக்குகிறது. கூரான கல்லோ கம்பியோ உள்ளே புகாமல் தடுக்கிறது. சாலையில் சிக்கிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்ல உதவுகிறது. தாடைக்குக் கீழே மாட்டப்படும் பட்டை, கவசம் தலையை விட்டுக் கழன்றுபோகாமல் பார்த்துக்கொள்கிறது. இம்மூன்றில் எது இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் முழுப்பயன் தருவதில்லை.

தொடக்க காலம்

இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மருத்துவ அலுவலராக இருந்த எரிக் கார்ட்னர், மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் தலைக்காயங்களோடு வருவதைத் தொடர்ந்து கண்டார். கித்தான் துணியை அரக்குப்பூச்சால் விறைப்பாக்கிச் செய்த ஒரு தலைக்கவசத்தை அவர் உருவாக்கச் செய்தார். பந்தய அமைப்பு முதலில் தயங்கியது. பின்னர் 1914ஆம் ஆண்டின் மேன் தீவுப் பந்தயத்தில் அது கட்டாயமாக்கப்பட்டது. எனினும் பொதுச் சாலையில் செல்வோர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்நிலையை மாற்றியது ஒரு மரணம். 'அரேபிய லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935 மே 13 அன்று, சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மீது மோதாமல் இருக்கத் தம் வண்டியைத் திருப்பியபோது தூக்கி எறியப்பட்டார். தலைக்கவசம் அணியாதிருந்த அவர் நினைவு திரும்பாமலேயே மே 19 அன்று இறந்தார். அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளை நரம்பியல் அறுவை மருத்துவர். தவிர்த்திருக்கக்கூடிய இவ்வகை இறப்புகளைக் கேர்ன்ஸ் ஆராயத் தொடங்கினார்.

1941இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை, இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனின் சாலைகளில் 2,279 மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களும் பின்னிருப்போரும் உயிரிழந்ததைச் சுட்டிக்காட்டியது. தலைக்கவசம் அணிந்து விபத்துக்குள்ளானவர்களாக அவர் பார்வைக்கு வந்தவர்கள் ஏழு பேர். அவர்கள் எவரும் இறக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் இராணுவம், பணியில் வண்டி ஓட்டும் வீரர்கள் அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என ஆணையிட்டது. பொதுமக்களுக்கு அது கட்டாயமாக அங்கு 1973 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே, 1961இல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது.

நசுங்கும் அடுக்கின் வருகை

கேர்ன்ஸ் காலத்துக் கவசங்களில் தலைக்கும் ஓட்டுக்கும் இடையே நாடாக்களாலான தொங்கலே பெரும்பாலும் இருந்தது. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. எஃப். லம்பார்டு, ஹெர்மன் ராத் ஆகியோர் விமானிகளுக்கான தலைக்கவசத்தை ஆராய்ந்தபோது வேறு வழியில் சிந்தித்தனர். அடியைத் திருப்பி எறியும் பஞ்சு போன்ற பொருள் தலையை மறுபுறம் தள்ளிவிடும். ஆகவே அடியின் ஆற்றலை வாங்கிக்கொண்டு, நசுங்கிய நிலையிலேயே நின்றுவிடும் பொருள் வேண்டும் என்பது அவர்கள் கருத்து. 1947இல் அவர்கள் விண்ணப்பித்த காப்புரிமை 1953இல் வழங்கப்பட்டது. இன்றைய தலைக்கவசங்கள் யாவும் இக்கருத்தின் வழிவந்தவையே.

இதற்கு மிகப் பொருத்தமான பொருள் விரைவில் கிடைத்தது. அது தமிழ்நாட்டில் தெர்மாகோல் எனப்படும் விரிவாக்கப்பட்ட பாலிஸ்டைரீன் ஆகும். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. காற்று நிரம்பிய நுண்ணறைகளைக் கொண்ட சிறு மணிகள் ஆவியால் ஒட்டவைக்கப்பட்டு இது உருவாகிறது. அடி விழும்போது அறைச் சுவர்கள் வரிசையாக மடிந்து உடைகின்றன. அந்த உடைவில் ஆற்றல் செலவாகிறது. அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1957இல் இவ்வடுக்குடன் கூடிய தலைக்கவசத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பந்தய விபத்தில் இறந்த பீட் ஸ்நெல் என்பவரின் நினைவாக அதே ஆண்டில் நிறுவப்பட்ட ஸ்நெல் அறக்கட்டளை, தலைக்கவசங்களைச் சோதித்துத் தரம் வகுக்கும் பணியைத் தொடங்கியது.

2017 ஏப்ரலில் வைகை அணையின் நீர் ஆவியாகாமல் இருக்க மிதக்கவிடப்பட்டு, காற்றில் கரை ஒதுங்கி, மதுரை மக்களின் கேலிக்கு ஆளானது இதே தெர்மாகோல்தான். தலைக்கவசத்தில் இருப்பது அதைவிட அடர்த்தி கூடிய வகை. எடை குறைவு, விலை குறைவு, எவ்வடிவிலும் வார்க்கலாம் என்ற காரணங்களால் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இதன் இடத்தை வேறு பொருள் முழுமையாகப் பிடிக்கவில்லை. இதன் பெரிய குறை ஒன்று: ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. எனவே விபத்தில் அடிபட்ட தலைக்கவசம், வெளியே கீறல்கூட இல்லாதிருந்தாலும், மீண்டும் பயன்படத் தக்கதன்று.

சுழல் விசை

தலை நேராக மட்டும் மோதுவதில்லை. சாய்வாக மோதும்போது அது வெட்டித் திருப்பப்படுகிறது. உள்ளிருக்கும் மூளை அதே வேகத்தில் திரும்பாமல் பின்தங்குகிறது. நரம்பிழைகள் இழுபட்டுச் சிதைகின்றன. கேர்ன்ஸோடு ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய இயற்பியலாளர் ஏ. எச். எஸ். ஹோல்போர்ன், கூழ்மப் பொருளால் செய்த மூளை மாதிரிகளைக் கொண்டு 1943இலேயே இதை விளக்கினார். இருப்பினும் தரச் சோதனைகள் நெடுங்காலம் நேர்மோதலை மட்டுமே அளந்தன.

சுவீடனின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட், பொறியியலாளர் பீட்டர் ஹால்டின் ஆகியோர் 1990களில் இச்சிக்கலை எடுத்துக்கொண்டனர். தலைக்கும் தெர்மாகோல் அடுக்குக்கும் இடையே சில மில்லிமீட்டர் வழுக்கிச் செல்லும் மெல்லிய அடுக்கை அவர்கள் அமைத்தனர். இது மிப்ஸ் என்ற பெயரில் பரவியது. 2020இல் ஏற்கப்பட்ட ஐரோப்பியத் தலைக்கவச விதி 22.06, சுழல் விசைக்கான சோதனையைச் சேர்த்துக்கொண்டது. ஹோல்போர்ன் சொன்னது சோதனைக் கூடத்தின் விதியாக 77 ஆண்டுகள் ஆயின.

வேகத்துக்கேற்ப இறுகும் பொருள்கள்

தலையைத் தவிர முழங்கை, தோள், முழங்கால், முதுகு ஆகியவற்றுக்கும் காப்பு தேவை. ஆனால் கடினமான தட்டை அங்கே வைத்தால் உடல் வளைவுக்கு இடைஞ்சல். மெத்தென்ற பஞ்சை வைத்தால் அடி நேராக எலும்புக்குப் போகும். சாதாரண அசைவில் மென்மையாகவும், அடி விழும் கணத்தில் விறைப்பாகவும் மாறும் பொருளே இதற்கு விடை. இவையே அறிவார்ந்த பொருள்கள் எனப்படுகின்றன. மின்கலமோ கருவியோ இவற்றில் இல்லை. பொருளின் இயல்பே அப்படிப்பட்டது.

மக்காச்சோள மாவைச் சிறிதளவு நீரில் கெட்டியாகக் கரைத்து இதை வீட்டிலேயே காணலாம். விரலை மெதுவாக விட்டால் உள்ளே போகும். முட்டியால் குத்தினால் கல்லைப் போல் எதிர்க்கும். 1943இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜேம்ஸ் ரைட் செயற்கை ரப்பரைத் தேடும்போது, சிலிக்கோனும் போரான் சேர்மமும் கலந்த ஒரு பசையைக் கண்டார். மெதுவாக இழுத்தால் நீளும், சுண்டி இழுத்தால் முறியும், தரையில் எறிந்தால் துள்ளும் அப்பசை வெகுநாள் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று தற்காலிகமாகப் பிணைந்துள்ளன. மெதுவான அசைவில் அப்பிணைப்புகள் அவிழ்ந்து வேறிடத்தில் சேர நேரம் கிடைக்கிறது. திடீர் அடியில் அந்த நேரம் கிடைப்பதில்லை. பொருள் விறைத்து நிற்கிறது.

இங்கிலாந்தில் 1999இல் ரிச்சர்டு பால்மர் தொடங்கிய டி3ஓ நிறுவனம் இவ்வகைப் பொருளைப் பாலியூரித்தேன் நுரையில் கலந்து காப்புத் திண்டுகளைச் செய்தது. 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வீரர்கள் சிலர் இதைக் கொண்ட உடையை அணிந்தனர். பின்னர் மோட்டார் சைக்கிள் மேலங்கிகளுக்கும் கால்சட்டைகளுக்கும் அது வந்து சேர்ந்தது. அடிபட்ட பின் பழைய வடிவுக்குத் திரும்புவது தெர்மாகோலுக்கு இல்லாத சிறப்பு.

இத்திண்டுகளை அளக்க இ.என். 1621 என்னும் ஐரோப்பியத் தரம் உள்ளது. 5 கிலோ எடையை ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்கு இணையான 50 ஜூல் ஆற்றலுடன் திண்டு தாக்கப்படுகிறது. மறுபுறம் கடந்துவரும் விசையின் சராசரி 35 கிலோ நியூட்டனுக்கு மிகாவிட்டால் அது முதல் நிலை. 20க்கு மிகாவிட்டால் இரண்டாம் நிலை. முதுகுத் திண்டுக்கு வரம்பு இன்னும் கடுமையானது: முதல் நிலைக்கு 18, இரண்டாம் நிலைக்கு 9. வாங்குவோர் விளம்பரப் பெயரைவிட இந்த நிலைக் குறியைப் பார்ப்பதே பயன் தரும். பந்தயத் தடங்களில் இதற்கும் அடுத்த கட்டமாகக் காற்றுப்பை கொண்ட உடை வந்துள்ளது. மோட்டோ ஜிபி பந்தயங்களில் 2018 முதல் அது கட்டாயம்.

இந்தியச் சட்டமும் தரமும்

இந்தியாவில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிய விதிகள் தொடக்கத்திலிருந்தே நீதிமன்றம் ஏறின. ஆந்திரப் பிரதேசத்தின் விதி, விரும்பியபடி நடமாடும் அடிப்படை உரிமையைப் பறிப்பதாகத் தொடரப்பட்ட அஜய் கானு வழக்கில், 1988இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஓட்டுபவரின் பாதுகாப்புக்கான விதி, நடமாடும் உரிமைக்குத் தடையாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்ட தலைக்கவசத்தை ஓட்டுபவரும் பின்னிருப்பவரும் அணிய வேண்டும் என்கிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு விலக்கு உண்டு. கவசம் பட்டையால் தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட வேண்டும் என்பதும் சட்டத்தின் சொற்களிலேயே அடங்கும். அதற்கான தரம் ஐ.எஸ். 4151 ஆகும். புதிய வண்டி விற்கும்போதே தலைக்கவசம் தரப்பட வேண்டும் என மத்திய மோட்டார் வாகன விதிகளும் கூறுகின்றன. 2020இல் வெளியிடப்பட்டு 2021 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணை, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத தலைக்கவசங்களைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. அதாவது, அணியாதவரை மட்டும் கேட்டுவந்த சட்டம், உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் கேட்கத் தொடங்கியது.

மதுரையில் தலைக்கவசம்

இருசக்கர வாகனத் தொழிலில் மதுரைக்குப் பழைய தொடர்பு உண்டு. 1911இல் டி. வி. சுந்தரம் அய்யங்கார் இங்குத் தொடங்கிய போக்குவரத்து நிறுவனத்தின் வழிவந்த குழுமமே, 1980இல் ஒசூரில் டி.வி.எஸ். 50 மொபெட்டைத் தயாரித்தது. இருவர் ஏறிச்செல்லும் அவ்வண்டி பால்காரர், காய்கறி வியாபாரி, பள்ளி ஆசிரியர் எனப் பலரின் வீட்டு வாசலுக்கும் வந்தது. மேலூர் சாலையில் உள்ள வெள்ளரிப்பட்டியில் இருசக்கர வாகன டயர்கள் தயாராகின்றன. நகரும் வண்டியோடு சேர்ந்தே வளர்ந்தது. தனி நகராட்சியாக இருந்த ஆனையூர், 2011இல் அவனியாபுரம், திருப்பரங்குன்றம் முதலியவற்றோடு மதுரை மாநகராட்சியில் இணைக்கப்பட்டது. இத்தகைய புறநகர்களிலிருந்து வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் செல்ல இருசக்கர வாகனமே பல குடும்பங்களின் ஊர்தி.

தமிழ்நாட்டில் 2007 ஜூன் 1 முதல் தலைக்கவசம் கட்டாயம் என நடைமுறைப்படுத்தப்பட்டபோதிலும், காலப்போக்கில் அது தளர்ந்தது. விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் 2015 ஜூனில் பிறப்பித்த உத்தரவையடுத்து, ஜூலை 1 முதல் மீண்டும் கட்டாயமாயிற்று. கடைகளில் கூட்டம் அலைமோதியது. சாலையோரத்திலும் தலைக்கவசங்கள் குவிந்தன. வெயிலில் வேர்க்கிறது, பின்னால் வரும் ஒலி கேட்பதில்லை, கழுத்து வலிக்கிறது, இறங்கிய இடத்தில் வைக்க வழியில்லை என்ற முறையீடுகளும் எழுந்தன.

மதுரை வழக்கறிஞர்கள் 2015 செப்டம்பரில் கட்டாயத் தலைக்கவசத்தை எதிர்த்துத் தலைக்கவசமின்றி இருசக்கர வாகன ஊர்வலம் நடத்தினர். இதையொட்டி நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. அடுத்தடுத்து ஏற்பட்ட பதற்றத்தின் பின்னணியில், 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தின் பாதுகாப்பும் மதுரைக் கிளையின் பாதுகாப்பும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரு தலைக்கவச ஆணையில் தொடங்கிய பிணக்கு, நீதிமன்ற வாயிலின் காவலையே மாற்றியது.

அவ்விவாதத்தில் உரிமை, அதிகாரம், அபராதம் ஆகியவை பேசப்பட்ட அளவுக்குத் தலைக்கவசத்தின் உள்ளடுக்கு பேசப்படவில்லை. காவலரின் கண்ணுக்கு மட்டும் காட்ட வாங்கப்படும் மலிவான தொப்பியில் ஓடு இருக்கும். நசுங்கும் அடுக்கு இராது, அல்லது பெயரளவுக்கு இருக்கும். 'பக்கத்துத் தெருவுக்குத்தானே' என்ற எண்ணமும் இவ்வாறானதே. மேலே காட்டிய கணக்கில் வண்டியின் வேகம் வரவே இல்லை. விழும் உயரம் மட்டுமே வந்தது. ஆனையூரிலிருந்து கூடல் நகருக்குச் செல்பவருக்கும் திண்டுக்கல் நெடுஞ்சாலையில் செல்பவருக்கும் அந்த உயரம் ஒன்றே.

2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தலைக்கவசம் அணியாமைக்கு 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் விதித்தது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

வெப்பமும் பராமரிப்பும்

வேகத்துக்கேற்ப இறுகும் பொருள்கள் வெப்பத்தில் இளகும், குளிரில் விறைக்கும். ஐரோப்பியத் தரத்தில் 40 பாகை செல்சியசில் தேறிய திண்டுக்குத் தனிக் குறியீடு தரப்படுகிறது. கோடையில் அந்த அளவை எட்டும் மதுரை போன்ற ஊர்களுக்கு இக்குறியீடு முக்கியமானது.

தலைக்கவசத்தின் ஆயுளைக் குறைப்பவை பல. பாலிஸ்டைரீன் பெட்ரோலில் கரையக்கூடியது. எனவே பெட்ரோல், தின்னர் போன்றவற்றால் கவசத்தைத் துடைக்கலாகாது. வண்டியின் கண்ணாடியில் மாட்டித் தொங்கவிடுவதால் கண்ணாடியின் முனை உள்ளடுக்கில் அழுத்திப் பள்ளம் விழுகிறது. தலைக்குப் பெரிதான அளவும் மாட்டப்படாத பட்டையும், மோதலின் முதல் கணத்திலேயே கவசத்தைத் தலையிலிருந்து விலக்கிவிடும். வியர்வையை உறிஞ்சும் உட்துணியைக் கழற்றிச் சோப்பு நீரில் துவைத்து நிழலில் உலர்த்தலாம்.

குழந்தைகள்

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இருசக்கர வாகனத்தில் ஏற்றிச் செல்லும்போது தலைக்கவசமும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கி.மீ.ஐ மீறக்கூடாது என 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதி வகுத்தது. ஓராண்டுக்குப் பின் அது நடப்புக்கு வந்தது. பெரியவர் கவசத்தைக் குழந்தைக்கு மாட்டுவது பயன் தராது. அளவு பெரிதாக இருப்பதால் அது சுழன்று முகத்தை மறைக்கும். குழந்தையின் கழுத்துக்குக் கூடுதல் சுமையாகவும் ஆகும்.